ரசமட்டம்

மழை விட்டு நாற்பது நிமிடம்.
கேலாங் பாரு, வீவக கார்பார்க்கின் ஏழாம் தளம்.
இங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை
வெயிலில் இருக்கை கொதிக்கும் என்று.
எனக்கு வசதி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு மாடி.
இன்னும் ஒருவரும் குடிவரவில்லை.
ஆள் அனுப்பி இருபது வீட்டில் விளக்குப் போடச் சொல்லியிருக்கிறாள் யோங்,
உள்ளே சமையல் நடப்பதுபோல.
என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
சாயக் கூடாது.

காலடியில் நின்று அண்ணாந்து எடுத்தால்
எந்தக் கட்டடமும் மல்லாக்கப் போகும்,
பேருந்தில் தூங்கிவிட்ட ஆள் மாதிரி.
தள்ளி வர வேண்டும். ஏற வேண்டும்.
கேமராவின் முகத்தை வானத்துக்குத் தூக்கவே கூடாது.
மிச்சச் சாய்வை ஷிஃப்ட் லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.
அதன் விலை என் இரண்டு மாத வாடகை.

சூரியன் விழுந்தபின் இருபது நிமிடம்.
அதற்குமேல் இந்த ஊரில் தர மாட்டார்கள்.
வானத்து நீலமும் ஜன்னல் மஞ்சளும்
தராசில் சமமாக நிற்கிற நேரம்.

அன்றைக்குப் பார்த்து முக்காலி நிற்கவில்லை.
ஒரு காலைத் திருகினால் இன்னொன்று இறங்கியது.

"ரசமட்டம் நிக்கலையாக்கா?"

மூலையில் நீர்க்கசிவு அடைக்கிற பெயின்ட்,
கையில் ரோலர்.
என்ன மட்டம் என்றேன்.
கேமராவுக்குக் கீழே அந்தப் பச்சைக் குமிழியைக் காட்டினார்.
பதினொரு வருடமாக அதை நான்
பபிள் என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன்.

"தளத்துக்கு வாட்டம் விட்டிருக்கு. தண்ணி வடியணும்ல."

வாட்டம் முகத்தில் தெரியும், செடியில் தெரியும்.
சிமென்டில் இன்றுதான் பார்க்கிறேன்.

சோற்றுப் பொட்டலத்தின் பழுப்புத் தாளை
எட்டாய் மடித்து ஒரு காலுக்கு அடியில் கொடுத்தார்.
குமிழி நகர்ந்தது, தயங்கியது,
வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.
வைரக்கண்ணு. அறந்தாங்கிப் பக்கம்.

இருபத்தைந்து நொடி திறந்து வைத்தேன்.
அவர் ரோலரோடு குறுக்கே நடந்தார்.
படத்தில் இல்லை.
"நான் போனேனே?"
போனதால்தான், என்றேன்.
பாருங்கள், பாலத்தில் அத்தனை கார்,
சிவப்புக் கோடு மட்டும்தான் மிச்சம்.

அடுத்த படத்துக்கு நின்றார்,
பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி.
பத்தாவது நொடியில் கீழிருந்து யாரோ கூப்பிட
ஓடி எட்டிப் பார்த்துத் திரும்பினார்.
படத்தில் அவர் இருக்கிறார். பாதி.
சட்டைக்குள் ஆறு ஓடுகிறது.
நெஞ்சில் எரிகிறது பதினான்காம் மாடி.

அதைப் பார்க்காமல் வேறெதையோ தேடினார்.
"இருபத்திரண்டுல சென்ட்ரிங் நான்தான்.
கெழக்கு மூலை மூணு மில்லி வெளியில நிக்கும்.
பூசி மறைச்சோம். இதுல தெரியுதா?"

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
விளிம்பு கத்தி மாதிரி இருந்தது.
தெரியவில்லை.

"நல்ல வேலை" என்றார்.
யாருடைய வேலையைச் சொன்னார் என்று
கேட்பதற்குள் லாரி வந்துவிட்டது.

மூன்றாவது படத்தைத்தான் எடுத்துக்கொண்டாள் யோங்.
அதில் யாரும் இல்லை. வானம் கொஞ்சம் கூடுதல் ஊதா.
ஒரு வரி பதில் போட்டாள்:
நேராக இருக்கிறது, நன்றி.

நேற்று புக்கிட் பாஞ்சாங்.
பையை இறக்கியதும் வானத்தைப் பார்க்கவில்லை.
தளத்தில் குனிந்து நடந்தேன்,
தண்ணீர் எந்த ஓட்டைக்குப் போகிறதென்று.